கதவு மாமாவும் கண்ணாடிப் பெட்டியும்

எங்கள் தெருப் பிள்ளைகள் என் தங்கையின் கணவருக்கு வைத்திருக்கும் பெயர் கதவு மாமா. அவர் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். எந்த வீட்டுக்குப் போனாலும் வேலையை முடித்து, கையைத் துடைத்து, செருப்பை மாட்டும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் வர மாட்டார். "கதவ மட்டும் அடிக்கடி திறக்காதீங்க." வீட்டுக்காரம்மா தலையாட்டுவாள், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். யார் வீட்டு விசேஷத்துக்காவது சாப்பிடப் போன இடத்தில், சமையலறையில் ஒருவர் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பது கண்ணில் பட்டால் போதும், சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து உட்காருவார். இப்படி ஒரு மாப்பிள்ளை எங்களுக்கு வாய்த்திருக்கிறார்.

அக்காக்காரி எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தையல் கடையில் நாள் முழுக்க மிஷினோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது. அவரைக் கிண்டல் செய்யக் கிடைத்த எந்தச் சந்தர்ப்பத்தையும் நான் விட்டதில்லை. அவரும் கோபித்துக்கொண்டதில்லை. தலையைக் குனிந்து சிரிப்பார், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ்தான். ஒரு மழைக்காலத்தில் அது அடியில் தண்ணீராக ஒழுக, அவர் வந்து சரி செய்தார். இரண்டு நாள் கழித்து "சும்மா செக் பண்ணிட்டுப் போலாம்னு" வந்தார். பிறகு "இந்தப் பக்கமா ஒரு வேலை" என்று வந்தார். ஃபிரிட்ஜ் குத்துக்கல் மாதிரி நன்றாகத்தான் இருந்தது. அவர் வரும் நேரமாகப் பார்த்து என் தங்கைக்குத் தாகம் எடுக்கும். ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலைத் தேடுவது போல நின்றுகொண்டே இருப்பாள். ஊரெல்லாம் கதவைச் சாத்தச் சொல்லும் மனுஷன், அவள் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அப்போதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அவர் வேலை செய்கிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். இப்போது வரும் மிஷின்களில் பழுது வந்தால் ஒரு எழுத்தும் எண்ணும் கண் சிமிட்டும். இவர் அதில் உடனே கை வைக்க மாட்டார். மிஷினின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் போனில் படம் எடுப்பார். அதில் இருக்கும் மாடல் பெயரை நெட்டில் போட்டு, கம்பெனி மெக்கானிக்குகளுக்காக எழுதிய புத்தகத்தைத் தேடிப் பிடிப்பார். சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிப்பது போல உதடு அசையப் படிப்பார். அவசரப்படுத்தினால், "புக்குல என்ன போட்டிருக்கோ அதத்தான் செய்யணும். நம்ம இஷ்டத்துக்குக் கை வெச்சா மிஷின் படுத்துரும்" என்பார். என் தங்கை மழலையர் பள்ளி டீச்சர். பிள்ளைகள் விஷயத்தில் அவள் யார் பேச்சையும் கேட்க மாட்டாள். ஆனால் மூடி போட்ட எந்தப் பொருளாக இருந்தாலும், அதைப் பற்றிப் புருஷன் சொன்னால் அவளுக்கு அதுதான் கடைசி வார்த்தை.

கல்யாணமாகிப் பல வருஷம் ஏங்கி, ஒரு வழியாக அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. தேதிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கும்போதே ரத்த அழுத்தம் ஏறி, காலெல்லாம் வீங்கி, அவசர அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. உரித்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது, பாவம். அம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராக ஐ.சி.யூ.வுக்குப் போய்விட்டது. அங்கே ஒரு இன்குபேட்டருக்குள், அதாவது சூடு குறையாமல் குழந்தையை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயும் காலில் சிவப்பு விளக்கும் சூடு பார்க்க வயிற்றில் ஒட்டிய ஒயருமாகப் படுத்திருந்தது. பெயர் வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. நான் பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது.

அந்த ஐ.சி.யூ.வுக்கு வெளியே ஒரு நீள வராந்தா. இரண்டு பக்கமும் பெஞ்சுகள். அதில் உட்கார்ந்திருந்த அப்பா அம்மாக்கள் எல்லோருடைய தலையும் குனிந்திருந்தது. முதலில் பிரார்த்தனை செய்கிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் எல்லோர் கையிலும் போன். டாக்டரம்மா காலையில் வந்து, நின்றபடியே ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த குழந்தைக்கு ஓடிவிடுவார். அந்த நாலில் இரண்டு வார்த்தை யாருக்கும் புரியாது. புரியாததை எல்லோரும் போனில் போட்டுத் தேடுவார்கள். ஒரு அம்மா மஞ்சள் காமாலை எண்களைத் தேடிக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி எங்கேயோ கண்காணாத ஊரில் இதே மாதிரி குழந்தை பெற்றவளின் கதையைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். எங்களுக்கு எதிர் பெஞ்சில் இரட்டைக் குழந்தைகளின் அப்பா ஒருவர், லாரி ஓட்டுகிறவர். "டாக்டர் சொல்றது பாதிதான் புரியுது. போன் சொல்றது பூராவும் புரியுது, ஆனா பயமா இருக்கு" என்றார் என்னிடம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எங்கள் கதவு மாமாவும் முதலில் அப்படித்தான் தேடினார். குறைமாதம் என்று போட்டார், எடை குறைவு என்று போட்டார், மூச்சு நின்று நின்று வருவது என்று போட்டார். எதைப் போட்டாலும் இரண்டாவது பக்கத்திலேயே வாயால் சொல்லக் கூடாத அந்த வார்த்தை வந்து நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வார்த்தை வந்ததும் போனைக் கவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுப்பார். மறுபடி கவிழ்ப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் "நீங்க போங்கக்கா, இதோ வரேன்" என்பார். வர மாட்டார்.

அப்புறம் ஒரு நாள் ஆள் தெளிவாகிவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன், மறுக்காமல் குடித்தார். போனைப் பார்த்து உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார், பழைய மாதிரி சம்மணம் போட்டு. எனக்கு நிம்மதியாக இருந்தது. என்ன படிக்கிறார் என்று எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

ஐ.சி.யூ.வில் எங்களுக்கு வாய்த்தவர் ஒரு மூத்த நர்ஸ். எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். குரல் கரடுமுரடு, கை பஞ்சு. குழந்தை மூச்சு நிலைக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, பெரிய சிஸ்டர் என் தங்கையிடம் வந்து, "நாளைக்கு உள்ள வாம்மா. பிள்ளைய எடுத்து உன் நெஞ்சோட நெஞ்சா வெச்சு விடுறேன். தோலோட தோல் படணும். அதுதான் அவளுக்கு இப்ப மருந்து" என்றார். என் தங்கை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆபரேஷன் வலியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் அவள் போகவில்லை. "காய்ச்சல் வர மாதிரி இருக்கு, குழந்தைக்கு ஒட்டிக்கும்" என்றாள். தொட்டுப் பார்த்தேன், நெற்றி ஜில்லென்று இருந்தது. அதற்கு மறுநாள் தலைசுற்றல். அதற்கு அடுத்த நாள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதுவரை நேரத்துக்கு நேரம் பால் பீய்ச்சிக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தவளுக்குப் பாலும் வற்றத் தொடங்கியது. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வரக்கூட எழுந்திருக்கவில்லை. பெரிய சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே விட்டா நல்லா இருக்காதும்மா. பிள்ளைக்கும் நல்லா இருக்காது, இவளுக்கும் நல்லா இருக்காது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை பிழைத்துக்கொள்ளும் போலிருந்தது. அம்மா கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

கட்டிலில் அவளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். "என்னடி ஆச்சு உனக்கு? என்கிட்ட சொல்ல மாட்டியா?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "கதவத் திறந்தா சூடு போயிடுமாம்க்கா. திரும்ப ஏற நேரமாகுமாம். அவர்தான் புக்குல பாத்துச் சொன்னாரு. சிவப்பு எழுத்துல போட்டிருக்காம்."

"அவர் கிடக்கிறாரு. சிஸ்டருக்குத் தெரியாததா அவருக்குத் தெரியும்?"

"என் உடம்புல அவளால இருக்க முடியலக்கா. அதனாலதானே சீக்கிரமே வெளிய எடுத்தாங்க. திரும்ப அந்த உடம்பு மேலயே கொண்டுவந்து வெக்கச் சொல்றாங்க. அந்தப் பெட்டி நல்லாப் பாத்துக்குது. என்னவிட நல்லா." இதைச் சொல்லும்போது அவள் அழக்கூட இல்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

எனக்கு வந்த கோபத்துக்கு வராந்தாவே அதிர்ந்திருக்கும். நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன். "மாப்ள, அப்படி என்னதான் படிக்கிறீங்க? குடுங்க அந்தப் போன!" எதிர் பெஞ்சு லாரிக்காரர் மெதுவாக எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்துக்கொண்டு போனை நீட்டினார். அதில் இருந்தது குழந்தையைப் பற்றிய பக்கமே இல்லை. இன்குபேட்டரின் மெக்கானிக் புத்தகம்! இந்த மனுஷன் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி வழியாகப் படம் எடுத்து, மாடல் பெயரைப் போட்டு, அந்தக் கம்பெனி தன் ஆட்களுக்காக எழுதிய புத்தகத்தைப் பிடித்துவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் நோயைத் தேடிக்கொண்டிருந்தபோது இவர் பெட்டியைத் தேடியிருக்கிறார். ஒயர் படம், விசிறி படம், எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்கிற அட்டவணை. முக்கோணத்துக்குள் ஒரு ஆச்சரியக்குறி, பக்கத்தில் சிவப்பு எழுத்து: தேவையில்லாமல் கதவைத் திறக்க வேண்டாம், உள்ளே வெப்பம் குறையும்.

"நான் சொன்னது தப்பாக்கா? புக்குல இருக்கு, பாருங்க" என்றார். "பிள்ளையப் பத்தி என்ன தேடுனாலும் கெட்டதே வருதுக்கா. இது ஒண்ணுலதான் அந்த வார்த்தையே இல்ல."

என் கோபம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. கையைப் பிடித்து எழுப்பினேன். "வாங்க, டாக்டரம்மாகிட்ட போலாம்."

டாக்டரம்மா தன் அறையில் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துக்கொண்டிருந்தார். தூக்கம் பார்க்காத கண்கள். திட்டுவார் என்று பயந்துகொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் போனை வாங்கி, விரலால் தள்ளித் தள்ளி நிதானமாகப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் காட்டி மாப்பிள்ளையை உட்காரச் சொன்னார். இத்தனை நாளில் அந்த ஆஸ்பத்திரியில் எங்களை யாரும் உட்காரச் சொன்னது அதுவே முதல் முறை.

"நல்லாத்தான் தேடியிருக்கீங்க. இதுல எழுதியிருக்கிறதும் சரிதான்" என்றார். "ஆனா இது பெட்டியப் பத்தின புக்கு. உங்க பொண்ணப் பத்தி இதுல ஒரு வரிகூட இல்லையே?"

மாப்பிள்ளை போனைத் திரும்ப வாங்கி, அந்த வரியைத் தேடுவது போலத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"காரணமில்லாம திறக்கக் கூடாது, சரி. அம்மாகிட்ட குடுக்கிறது காரணம் இல்லையா? தொப்பி போட்டு, நெஞ்சுல ஒட்ட வெச்சு, மேல போர்வையும் போட்டுட்டா சூடு எங்கயும் போகாது. அப்பா நெஞ்சும் அப்படித்தான். மூச்சும் நெஞ்சுத்துடிப்பும் இன்னும் சீராகும். எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நேரத்துலயும் செய்ய மாட்டோம். உங்க பொண்ணு அதுக்குத் தயாரா இருக்கா, அதனாலதான் கூப்பிடுறோம்." டம்ளரைத் தள்ளி வைத்தார். "இத முதல்லயே உக்கார வெச்சு நாங்க சொல்லியிருக்கணும். ஓடிக்கிட்டே சொன்னா நீங்க போன்கிட்டதான் போய்க் கேப்பீங்க. தேடுங்க, வேண்டாம்னு சொல்லல. தேடுனத என்கிட்ட கொண்டுவந்து காட்டுங்க."

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "அவ வர மாட்டா டாக்டர். நான் சொன்னத அப்படியே நம்பிட்டா. இப்ப இல்லன்னு சொன்னா, அவளத் தேத்துறதுக்காகச் சொல்றேன்னுதான் நினைப்பா."

"அப்ப முதல்ல நீங்க வெச்சுக்கங்க" என்றார் டாக்டரம்மா.

கையை முழங்கை வரை கழுவச் சொன்னார்கள். இவர் தோள் வரை கழுவினார். கேஸ் வெல்டிங் வைத்துக் காய்த்துப்போன விரல்கள், அங்கங்கே பழைய சூட்டுத் தழும்புகள். அதை விரித்துக் காட்டி, "சொரசொரன்னு இருக்கு சிஸ்டர், பிள்ளைக்குக் குத்தும்" என்றார். "உன் கை யாருக்கு வேணும்? நெஞ்சக் காட்டு" என்றார் பெரிய சிஸ்டர். சட்டைப் பொத்தானை அவிழ்க்கவே அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

நான் ஓடிப்போய் என் தங்கையை எழுப்பினேன். "உன் புருஷன் உள்ள உக்காந்திருக்காரு. அவரப் பாக்கவாவது வா." அவரைப் பார்க்கத்தான் வந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.

உள்ளே அவர் சாய்வு நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பெரிய சிஸ்டர் பெட்டியின் கதவை விரியத் திறந்தார். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சிஸ்டர் குழந்தை வயிற்றில் ஒட்டியிருந்த ஒயரைக் கழற்றி, குழாயைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பொடிசை அள்ளி அவர் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டார். மேலே போர்வை. போர்வைக்கு வெளியே தெரிந்தது ஒரு குட்டித் தொப்பி மட்டும்தான். என் தங்கையின் நகம் என் தோளில் பதிந்தது. அவர் மூச்சுக்கூட விடவில்லை. பெரிய சிஸ்டர் ஏதோ சொன்னார், அதற்குப் பிறகுதான் விட்டார். அவர் நெஞ்சு ஏறி இறங்க, தொப்பியும் ஏறி இறங்கியது.

திடீரென்று அலாரம் அலறியது. பெரிய சிஸ்டர் அடுத்த குழந்தைப் பக்கம் திரும்பியிருந்த நேரம். பெட்டியின் தலையில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி எரிந்தது. "ஐயோ, குழந்தை!" என்று என் தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆபரேஷன் செய்த வயிறு, தையல் ஆறாத உடம்பு. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவர் மட்டும் அசையவில்லை. ஒரு கையை மெதுவாகத் தூக்கி அவளை அமர்த்தினார்.

"ஒண்ணுமில்ல, பயப்படாத" என்றார். வீட்டுச் சமையலறையில் பேசுகிற அதே குரல். "வயித்துல ஒட்டியிருந்த ஒயரக் கழட்டியாச்சுல்ல? புக்குல இருக்கு. பெட்டி குழந்தையக் காணோம்னு தேடுது. குழந்த இங்க இருக்கா. நல்லாத் தூங்குறா, பாரு."

பெரிய சிஸ்டர் வந்து ஒரு பொத்தானைத் தட்டினார். சத்தம் நின்றது. என் தங்கை பெட்டியைப் பார்த்தாள். உள்ளே கசங்கிய துணி மட்டும் கிடந்தது. கதவு விரியத் திறந்து கிடந்தது. பிறகு புருஷன் நெஞ்சைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே ஒரு கன்னம் அவர் தோலில் அப்பியிருந்தது. போர்வை ஓரத்தில் ஒரு விரல் வெளியே வந்து, எதையோ தேடிவிட்டு, அவர் நெஞ்சு முடியைப் பிடித்துக்கொண்டது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "கதவு திறந்தே கிடக்குங்க."

இத்தனை வருஷத்தில் ஒரு கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து இந்த மனுஷன் சும்மா இருந்தது அவளுக்காக மட்டும்தான். இப்போது அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கிடக்கட்டும் விடு" என்றார்.

என் தங்கை சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் ஆஸ்பத்திரி கவுன் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"போதும், எழுந்திருங்க" என்றாள் அவரிடம். "என்கிட்ட குடுங்க."